சேலம் – நாமக்கல் சமவெளியின் குடிப்பெயர்வுகளும் மரபியல் பல்வகைமையும்

தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் அடங்கும் சமவெளி, தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம், உருது ஆகிய மொழிகளை வீட்டுமொழியாகக் கொண்ட பல சமூகங்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நிலப்பகுதி ஆகும். இச்சமூகங்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து குடியேறியவை. மனிதரின் மரபியல் பல்வகைமையைக் குடிப்பெயர்வு எவ்வாறு உருவாக்குகிறது என்பதை விளங்கிக்கொள்ள இச்சமவெளி ஒரு நல்ல எடுத்துக்காட்டு. இங்குள்ளோரின் மரபணுக்களை இரண்டு நிகழ்வுகள் வடிவமைத்துள்ளன. முதலாவது, பல திசை மக்கள் வந்து கலந்தது. இரண்டாவது, கலந்த பின்னர் ஒவ்வொரு சமூகமும் தன் மணவுறவு வட்டத்தை மூடிக்கொண்டது. முதலாவதைப் பற்றியே மக்கள் அதிகம் பேசுகின்றனர்; ஆனால் மருத்துவமனையில் தென்படுவது பெரும்பாலும் இரண்டாவதன் விளைவே.

நிலப்பகுதி

வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கல்வராயன் மலை, தென்கிழக்கே கொல்லிமலை, மேற்கே காவிரி ஆறு ஆகியவற்றால் சூழப்பட்ட இச்சமவெளியின் நடுவே திருமணிமுத்தாறு ஓடுகிறது. நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி 1 முதல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனியாக இயங்கி வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சமவெளிக்கும், மைசூர் மேட்டுநிலத்துக்கும், கொங்கு நாட்டுக்கும் இடையில் இருப்பதால், இப்பகுதி நெடுங்காலமாகப் படைகளும் வணிகரும் நெசவாளரும் கடந்து செல்லும் வழியாக இருந்து வந்துள்ளது.

குடிப்பெயர்வு மரபணுக்களை மாற்றும் முறை

ஒரு குதிரில் பல வகை விதைகள் கலந்து கிடப்பதாகக் கொள்வோம். அதிலிருந்து ஒரு வள்ளம் அள்ளினால் ஏறத்தாழ எல்லா வகைகளும் வந்துவிடும். ஒரு பிடி மட்டும் அள்ளினால் சில வகைகள் விடுபடும். குதிரில் அரிதாக இருந்த ஏதோ ஒரு வகை கைப்பிடியில் தற்செயலாக மிகுதியாக வந்துவிடுவதும் உண்டு. அந்தப் பிடியை மட்டும் புதிய காட்டில் விதைத்து, விளைந்ததையே ஆண்டுதோறும் விதைத்து வந்தால், அந்த அரிய வகை அங்கே பரவலான வகையாகிவிடும். சிறு குழு ஒன்று தாய்ச் சமூகத்திலிருந்து பிரிந்து சென்று தனக்குள்ளேயே பெருகும்போது இதுவே நிகழ்கிறது. இதனை மரபியலில் நிறுவனர் விளைவு என்பர்.

உலக அளவில் பார்த்தாலும் இதே விதியைக் காணலாம். இக்கால மனித இனம் ஆப்பிரிக்காவில் தோன்றியது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மூதாதையரில் மிகப் பெரும்பாலோர் ஏறத்தாழ 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் அக்கண்டத்திலிருந்து வெளியேறிய ஒரு சிறு கூட்டத்தார் ஆவர். அக்கூட்டத்திலிருந்து ஒரு பிரிவும், அப்பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுமாக மனிதர் பரவினர். அதனால் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தொலைவு கூடக் கூட மரபியல் பல்வகைமை படிப்படியாகக் குறைகிறது. தென் அமெரிக்கப் பழங்குடிகளிடம் அது மிகக் குறைவு.

இத்துடன் ஓர் உண்மையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மனிதரிடையே காணப்படும் மொத்த மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு எந்தவொரு மக்கள் குழுவுக்குள்ளும் காணப்படுவதே என்று ரிச்சர்டு லெவோன்டின் 1972இல் காட்டினார். குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு எஞ்சிய சிறு பகுதி மட்டுமே. கீழே கூறப்படுவன அனைத்தும் அந்தச் சிறு பகுதியைப் பற்றியவை.

சமவெளிக்கு வந்தோர்

மேட்டூர் அருகேயுள்ள மாங்காடு, தெலுங்கனூர் ஆகிய ஊர்களின் பெருங்கற்காலச் சின்னங்களில் கிடைத்த இரும்புப் பொருள்களுக்குப் பொது ஆண்டுக்கு முன் இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த காலக்கணிப்புகள் கிடைத்துள்ளன. ஆகவே, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு இரும்பை உருக்கும் மக்கள் நிலையாக வாழ்ந்தனர் என்பது உறுதி. அவர்கள் இன்றைய எந்தச் சமூகத்தின் முன்னோர் என்று கேட்பது பிழையான கேள்வி. அத்தனை தலைமுறைகள் கடந்த நிலையில், அவர்களுள் சந்ததி எஞ்சியவர்கள் இன்று இப்பகுதியில் வாழும் பெரும்பாலானோருக்கு ஏதோவொரு வகையில் மூதாதையராகவே இருப்பர்.

கொங்கு வேளாளரின் குடியேற்றத்தைச் சோழன் பூர்வ பட்டயம் போன்ற பிற்கால ஆவணங்கள் கதைபோலக் கூறுகின்றன. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விசயநகரப் படையெடுப்பையும் அதன் பின் நாயக்கர் ஆட்சியையும் தொடர்ந்து தெலுங்கு பேசும் உழவர், படைவீரர், வணிகர், கைவினைஞர் எனப் பலரும் வந்தனர். 17ஆம் நூற்றாண்டில் மைசூர் அரசின் விரிவாக்கம் கன்னடம் பேசுவோரின் வரவை மிகுவித்தது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலம் பகுதியும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறின.

நெசவாளரின் வரலாறு தனியே குறிப்பிடத்தக்கது. தேவாங்கர் கன்னடமும் தெலுங்கும் பேசுவோர். சௌடேசுவரி அம்மனைக் குலதெய்வமாகக் கொண்டவர்கள். சௌராட்டிரர் குசராத்துப் பகுதியிலிருந்து புறப்பட்டு, பல நூற்றாண்டுகளில் தக்காணத்தைக் கடந்து தமிழகம் வந்ததாகக் கருதப்படுகின்றனர். இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மந்தசோர் நகரில் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, இலாட நாட்டிலிருந்து அங்கு குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. அக்குழுவினரே சௌராட்டிரரின் முன்னோர் என்று கூறுவோர் உளர். இரண்டுக்கும் இடையில் பல நூற்றாண்டு இடைவெளி இருப்பதால் இதனை ஒரு கருதுகோளாகக் கொள்வதே பொருந்தும். ஆயினும் அவர்களது மொழியே ஒரு பயண ஏடு போன்றது. இந்திய-ஆரிய மொழியான அதில் மராட்டி, கன்னடம், தெலுங்கு, தமிழ்ச் சொற்கள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் இம்மொழியைத் தாய்மொழியாகப் பதிந்தோர் இந்தியா முழுவதிலும் இரண்டரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்களே.

வெளியேறியோரும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆளெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1876–78 பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டது. 1871 கணக்கெடுப்புக்கும் 1881 கணக்கெடுப்புக்கும் இடையில் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இத்தகைய பேரழிவு மரபணுக்களிலும் ஆழ்ந்த தடயத்தை விட்டிருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் எஞ்சியோரின் தொகை அப்போதும் பல இலட்சங்களாக இருந்தது. மரபியல் பல்வகைமை குன்றுவதற்கு ஒரு குழு சில நூறு பேராகவோ சில ஆயிரம் பேராகவோ குறுகிப் பல தலைமுறைகள் அந்நிலையிலேயே இருக்க வேண்டும். வரலாற்றில் மிகக் கொடியதாக நிற்கும் நிகழ்வு மரபணுவில் மங்கலாகவும், எந்த ஏட்டிலும் இடம்பெறாத ஒரு சிறு குழுவின் பிரிவு ஆழமாகவும் பதிவாவது இதனாலேயே.

கலப்பின் காலம்

இந்திய மக்களின் மரபணுத் தொகுதியை முழுமையாக நோக்கிய முதல் பெரிய ஆய்வுகளுள் ஒன்று, ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தின் இலால்சி சிங், குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும், ஆர்வர்டைச் சேர்ந்த தாவீது ரைக் குழுவினரும் இணைந்து 2009இல் வெளியிட்டது. 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து, இன்றைய இந்தியருள் பெரும்பாலோர் இரண்டு தொன்மூதாதைக் குழுக்களின் கலப்பினால் தோன்றியவர்கள் என்று அவர்கள் கூறினர். அவற்றுக்குத் தொல் வட இந்தியர், தொல் தென்னிந்தியர் எனப் பெயரிட்டனர். இப்பெயர்கள் வசதிக்காக இடப்பட்டவை. இவற்றை இக்கால மாநிலங்களோடும் மொழிகளோடும் பொருத்திப் பார்ப்பது குழப்பத்தையே தரும்.

2013இல் வெளியான தொடராய்வு, 73 குழுக்களைக் கொண்டு இக்கலப்பின் காலத்தைக் கணித்தது. கணிக்கும் முறை எளிமையானது. இருவேறு மூதாதையரின் நிறப்புரிகள் ஒரு குழந்தையில் சேரும்போது முதலில் அவை நீண்ட துண்டுகளாக இருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் அத்துண்டுகள் வெட்டப்பட்டு மறுபடி ஒட்டப்படுவதால் நீளம் குறைந்துகொண்டே வரும். துண்டுகளின் நீளத்தை அளந்தால் கலப்பு நிகழ்ந்து எத்தனை தலைமுறைகள் ஆயின எனக் கூறலாம். இவ்வாறு கிடைத்த விடை, கலப்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்பதாகும். அதன்பின் கலப்பு அருகிவிட்டது.

2019இல் வெளியான தொல்மரபணு ஆய்வு, மைய ஆசியாவிலும் தெற்காசியாவின் வடபகுதியிலும் கிடைத்த 523 தொன்மனிதரின் எச்சங்களைக் கொண்டு இச்சித்திரத்தை விரிவாக்கியது. அதன்படி, தெற்காசிய வேட்டுவர், ஈரானியப் பகுதி மக்களோடு தொடர்புடைய ஒரு பழங்கிளை, யூரேசியப் புல்வெளி மேய்ச்சல் மக்கள் ஆகிய மூன்று ஊற்றுகளிலிருந்து வந்தவையே பெரும்பாலான இந்தியரின் மரபணுக்கள். இவற்றின் விகிதம் குழுவுக்குக் குழு மாறுபடுகிறது. தென்தமிழகத்தின் பளியர் போன்ற சில பழங்குடியினரிடம் மூன்றாவது ஊற்றின் பங்கு மிகச் சொற்பம். எனினும் முதல் இரண்டின் கலப்பு அவர்களிடமும் உண்டு. சமவெளியின் எந்தச் சமூகமும், அது எந்த மொழியைப் பேசினாலும், கலப்பற்றது என்று கூறிக்கொள்வதற்கு இவ்வாய்வுகளில் இடமில்லை.

மூடப்பட்ட வட்டம்

தமிழ்நாட்டை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வுகளுள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினரின் பணி முதன்மையானது. தந்தை வழியாக மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் நிறப்புரியை 1,680 ஆடவரிடம் ஆராய்ந்த இவர்களது கட்டுரை 2012இல் வெளியானது. 12 பழங்குடிக் குழுக்களும் 19 பிற சமூகங்களும் அதில் இடம்பெற்றன. குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு வேட்டை, புன்செய் உழவு, நன்செய் உழவு என வாழ்வு முறையோடு ஒட்டிச் சென்றது. அப்பிரிவினை 4,000 முதல் 6,000 ஆண்டுகள் பழமையானது என்றும், கடந்த 3,000 ஆண்டுகளில் கலப்பு மிகக் குறைவு என்றும் அவர்கள் கணித்தனர்.

1,900 ஆண்டுகளுக்கு முன்வரை கலப்பு நிகழ்ந்தது என்ற 2013 முடிவுக்கும் இதற்கும் முரண்பாடு இருப்பதைப் படிப்போர் கவனித்திருப்பர். ஒய் நிறப்புரி ஒரு மனிதனின் ஆயிரக்கணக்கான முன்னோருள் ஒரே ஒரு கோட்டை மட்டும் காட்டுவது. மற்ற ஆய்வு எல்லா நிறப்புரிகளையும் சேர்த்துப் பார்த்தது. மேலும், இந்தியாவிலேயே தோன்றியது என 2012 கட்டுரை கொண்ட சில தந்தைவழிக் கிளைகள் புல்வெளி மக்களுடன் வந்தவை எனப் பின்னாளைய தொல்மரபணுச் சான்றுகள் சுட்டுகின்றன. காலம் எதுவாயினும், மணவட்டங்கள் மூடப்பட்டுப் பற்பல தலைமுறைகள் ஆகிவிட்டன என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

கூட்டமும் நிறப்புரியும்

கொங்குப் பகுதியின் மணமுறை மரபியல் மாணவருக்கு ஒரு பாடநூல் போன்றது. கொங்கு வேளாளர் காடை, ஆந்தை, கண்ணன், செம்பன் முதலிய பல கூட்டங்களாகப் பிரிந்துள்ளனர். ஒரே கூட்டத்தார் பங்காளிகள் எனப்படுவர். அவர்களுக்குள் மணம் கூடாது. கூட்டம் தந்தைவழி வருவது. ஒய் நிறப்புரியும் அவ்வாறே. ஆகவே, தத்து எடுத்தல் போன்ற விலக்குகளைத் தவிர்த்தால், கூட்டத்தின் பெயரும் ஒய் நிறப்புரியும் ஒரே தடத்தில் பயணம் செய்கின்றன. தாய்வழி மட்டும் செல்லும் இழைமணி மரபணுவோ, ஒவ்வொரு திருமணத்திலும் மணமகளுடன் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்கிறது. எனவே சமூகத்துக்குள் தாய்வழிக் கிளைகள் நன்கு கலந்தும், தந்தைவழிக் கிளைகள் கூட்டங்களாகத் திரண்டும் இருப்பதே எதிர்பார்க்கத்தக்கது.

மாமன் மகளும் அத்தை மகளும் வேறு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஆதலின் அவர்கள் முறைப்பெண்கள். தமிழகத்தின் சில சமூகங்களில் அக்காள் மகளை மணப்பதும் உண்டு. மாமன் மகளை மணந்தவரின் குழந்தைக்கு, ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே மரபணுப் படி இரு பெற்றோர் வழியாகவும் கிடைக்கும் வாய்ப்பு 16இல் 1. அக்காள் மகளை மணந்தால் 8இல் 1. உறவுமுறைத் திருமணத்தால் பிறவி நோய்கள் வரக்கூடும் என்று பாடநூல்களும் மருத்துவமனைச் சுவரொட்டிகளும் கூறுவது இதனையே.

ஆனால் சுவரொட்டிகள் கூறாத இன்னொரு வகை உறவும் உண்டு. பல நூறு ஆண்டுகளுக்கு முன் சில நூறு பேரிலிருந்து பெருகிய ஒரு சமூகத்தில், வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த, ஒருவரையொருவர் அறியாத, வேறு வேறு கூட்டங்களில் அல்லது கோத்திரங்களில் பிறந்த இருவரும் அத்தொல் நிறுவனர்கள் வழியாகத் தொலைதூர உறவினரே. “நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லை” என்று கூறும் பெற்றோருக்கும் அரிய ஒடுங்கு மரபணு நோயுள்ள குழந்தை பிறப்பது இதனால் நேரக்கூடும். உறவுமுறையைக் கேட்டுப் பதிவு செய்யும் மருத்துவரின் ஏட்டில் இந்த உறவு தென்படாது.

2017இல் 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை இதன் பரப்பை வெளிக்கொணர்ந்தது. நிறுவனர் விளைவுக்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள் பின்லாந்து மக்களும் அசுகெனாசி யூதரும் ஆவர். ஆராயப்பட்ட தெற்காசியக் குழுக்களுள் 81 குழுக்கள் அவ்விரண்டையும் விடக் கடுமையான நிறுவனர் நிகழ்வுகளைக் கடந்து வந்தவை எனத் தெரியவந்தது. அவற்றுள் 14 குழுக்கள் ஒவ்வொன்றும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்டவை. தமிழ்நாட்டின் அருந்ததியரும் கள்ளரும், தெலங்கானாவில் ஆராயப்பட்ட வைசியரும் அப்பட்டியலில் உள்ளனர். அருந்ததியர் சேலம், நாமக்கல் உள்ளிட்ட மேற்கு மாவட்டங்களில் பெருந்தொகையாக வாழ்பவர்கள்; அவர்களுள் பலரது வீட்டுமொழி தெலுங்கு. ஒரு சமூகத்தின் இன்றைய பெருந்தொகை அதன் தொடக்கத்தின் சிறுமையை மறைத்துவிடும் என்பதற்கு இது சான்று.

வைசியரும் மயக்க மருந்தும்

ஆரிய வைசியர் ஆந்திரப் பகுதியிலிருந்து தென்னகம் எங்கும் பரவிய வணிகச் சமூகத்தினர். சேலம் உள்ளிட்ட தமிழக நகரங்களின் கடைவீதிகளில் இவர்கள் நீண்டகாலமாக வாழ்கின்றனர். மற்றக் குழுக்களோடு குறிப்பிடத்தக்க மணக்கலப்பு இன்றி இவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருவதாக மரபணு ஆய்வுகள் கணிக்கின்றன.

அறுவை மருத்துவத்தில் மூச்சுக்குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்னும் மருந்து தரப்படுகிறது. குருதியிலுள்ள பியூட்டிரைல்கோலினெசுத்தரேசு என்னும் நொதி இம்மருந்தைச் சிதைத்துவிடுவதால், அதன் விளைவு சில நிமிடங்களில் நீங்கி நோயாளி தானாக மூச்சுவிடத் தொடங்குவார். இந்நொதி குறைந்தோரிடம் மருந்து சிதையாமல் நின்றுவிடும். மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் செயலற்றிருக்கும். அதுவரை செயற்கை மூச்சுக்கருவி துணை நிற்க வேண்டும். வைசியரிடம் இக்குறைபாடு வழக்கத்தை விட மிகுதி என்பது மயக்கவியல் மருத்துவர்கள் அறிந்த செய்தி. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதி குழுவினர் அமெரிக்க, செருமானிய ஆய்வாளர்களுடன் இணைந்து 2006இல் இதற்குக் காரணமான திடீர்மாற்றத்தைக் கண்டறிந்தனர். நொதியின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதிலாகப் புரோலின் அமர்ந்திருந்தது. அந்த ஒரு மாற்றமே நொதியைச் செயலிழக்கச் செய்யப் போதுமானது.

அன்றாட வாழ்வில் இக்குறைபாடு எந்தத் துன்பமும் தருவதில்லை. உடையவர் அதனை அறியவே வாய்ப்பில்லை. அறுவை மேசையில்தான் அது வெளிப்படும். அறுவைக்கு முன் குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தினால் சிக்கல் ஏற்பட்டதா என்று கேட்பதும், தேவைப்பட்டால் நொதியின் அளவைச் சோதிப்பதும், வேறு மருந்தைத் தேர்வதும் எளிய காப்புமுறைகள்.

பழைய மாற்றம், புதிய மாற்றம்

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வும் உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றத்தைத் தண்டபாணி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் விவரித்தனர். முதுமையில் இதயச் செயலிழப்புக்கு வழிகோலக்கூடிய இம்மாற்றம் தெற்காசியருள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் உள்ளது. உடையோர் அனைவரும் நோயுறுவதில்லை. இது எந்தவொரு சாதிக்கும் மொழிக்கும் உரியதாக இல்லாமல் துணைக்கண்டம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. இது தோன்றி ஏறத்தாழ 33,000 ஆண்டுகள் ஆயின என்பது கணிப்பு. அதாவது, மணவட்டங்கள் மூடப்படுவதற்கு மிகவும் முன்பே தோன்றிப் பரவிவிட்டது. வைசியரின் நொதி மாற்றமோ ஒரு வட்டத்துக்குள் மட்டும் மிகுந்தது. ஒரு மாற்றம் எத்தனை சமூகங்களில் காணப்படுகிறது என்பதிலிருந்து அதன் பழமையை ஓரளவு ஊகிக்கலாம்.

மலையாளிகள்

சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் வாழும் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்ற பொருளில் அமைந்த இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களது வழிவழிக் கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று உடன்பிறந்தோர் வெவ்வேறு குலத்துப் பெண்களை மணந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினர் என அது செல்கிறது. ஆங்கிலேயர் காலப் பதிவுகளிலும் இக்கதை இடம்பெற்றுள்ளது.

இக்கதையின் சிறப்பு, அதனை மரபியல் முறையில் சோதிக்க இயலும் என்பது. கதை முழுதும் உண்மையானால், மூன்று மலைகளின் ஆடவரிடமும் நெருங்கிய ஒய் நிறப்புரிகள் மிகுந்திருக்க வேண்டும். அவை காஞ்சிப் பகுதி மக்களின் கிளைகளோடு ஒத்துப்போக வேண்டும். இழைமணி மரபணுக்கள் மலைக்கு மலை வேறுபட வேண்டும். மாறாக, தாய்வழி, தந்தைவழி இரண்டுமே மலைக்குரிய தனித்தன்மை கொண்டிருந்தால், ஏற்கெனவே மலையில் வாழ்ந்தோர் சமவெளியின் மதிப்புமிக்க ஊர் ஒன்றைத் தம் பூர்வீகமாக ஏற்றுக்கொண்டனர் என்று கருத இடமுண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட விடையே கூடுதல் வாய்ப்புடையது. எவ்வாறாயினும் கதையின் மதிப்பு அதனால் குறைந்துவிடாது. தாம் யார் என்று ஒரு மக்கள் தமக்குச் சொல்லிக்கொண்டதைக் காட்டும் ஆவணம் அது.

மலைவாழ் மக்களின் மரபணுக்களில் குடிப்பெயர்வுடன் சேர்த்து மலேரியாவும் கைவைத்துள்ளது. அரிவாளணு மரபணுவின் ஒரு படி மட்டும் உடையோருக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு கிடைக்கிறது. இரண்டு படிகளும் அமைந்தால் கடும் இரத்தசோகை உண்டாகிறது. இந்தியாவில் இம்மரபணு முதன்முதலாக நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இல் இலேமன், கட்புசு ஆகியோரால் கண்டறியப்பட்டது. நடுவண் அரசின் தேசிய அரிவாளணு இரத்தசோகை ஒழிப்புத் திட்டம் 2023 சூலையில் தொடங்கப்பட்டது. பழங்குடியினர் வாழும் மாவட்டங்களில் நாற்பது வயது வரையுள்ளோரைச் சோதிப்பது அதன் முதன்மைப் பணி.

ஆய்வின் எல்லைகளும் பயன்களும்

தமிழக மண்ணின் வெப்பமும் ஈரமும் எலும்பிலுள்ள மரபணுப் பொருளை விரைவில் அழித்துவிடுகின்றன. அதனால் இச்சமவெளியின் பண்டை மக்களைப் பற்றிய கூற்றுகள் யாவும் இன்று வாழ்வோரின் மரபணுக்களிலிருந்து பின்னோக்கி ஊகிக்கப்பட்டவையே. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகை ஈமக்காட்டின் எலும்புகளிலிருந்து தொல்மரபணுவைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஈடுபட்டுள்ளது.

சாதியின் பெயரைத் தாங்கிய மரபணு முடிவுகளைப் பயன்படுத்துவதில் எச்சரிக்கை வேண்டும். “முதலில் வந்தவர் யார்” என்ற சண்டைக்கு இவற்றை இழுப்போர் எல்லாப் பக்கங்களிலும் உள்ளனர். ஒரு சமூகத்தில் ஒரு நோய்க்கான மரபணு மிகுதி என்பது அச்சமூகத்தின் குறையாகாது; எல்லாச் சமூகங்களும் ஏதேனும் சில மாற்றங்களைச் சுமக்கின்றன, ஆராயப்பட்டவற்றுக்கு மட்டும் பெயர் தெரிகிறது. அசுகெனாசி யூதரிடையே தே-சாக்சு என்னும் கொடிய குழந்தைநோயைத் தடுக்க, திருமணப் பேச்சுக்கு முன் இரு தரப்பினரின் குருதியையும் பெயர் வெளியிடாமல் எண் கொண்டு மட்டும் சோதித்து, இருவரும் அதே மாற்றத்தை உடையவராயின் அறிவிக்கும் ஏற்பாடு 1983இல் தொடங்கியது. சாதகப் பொருத்தம் பார்த்து மணம் பேசும் நம் ஊரிலும் இத்தகைய முறை பொருந்தும் என்று சில ஆய்வாளர் கருதுகின்றனர். அதற்கு முன் ஒவ்வொரு சமூகத்திலும் எந்த மாற்றங்கள் மிகுந்துள்ளன என்பது தெரிந்தாக வேண்டும். 2020இல் தொடங்கிய இந்திய மரபணுத்தொகுதித் திட்டம் 80க்கும் மேற்பட்ட குழுக்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்துள்ளது. அதன் தரவுகள் 2025 சனவரியில் ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட்டன. நாட்டிலுள்ள மணவட்டங்களோ பல ஆயிரம்.

அண்மைக்காலப் பெயர்வுகள்

திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகள் இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களுக்குச் செல்கின்றன. எதிர்த்திசையில், நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளிலும் சேலத்தின் சவ்வரிசி ஆலைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலத் தொழிலாளர் பணிபுரிகின்றனர். இவ்வரவு தொகையில் பழைய குடியேற்றங்களுக்குக் குறைந்ததன்று. ஆயினும் மணவுறவு ஏற்படாத வரை குடிப்பெயர்வு மரபணுக்களைத் தொடுவதில்லை. விசயநகரக் காலத்தில் வந்தோரும் இவ்வாறே தத்தம் வட்டங்களுக்குள் நின்றுவிட்டனர். வட்டத்துக்கு வெளியே மணந்தோரின் குழந்தைக்கு ஒரே நிறுவனர் மாற்றம் இரு பெற்றோரிடமிருந்தும் வருவது அரிது. இருபது நூற்றாண்டுகளாகத் திரண்ட அந்த இடர், அக்குழந்தையைப் பொறுத்தவரை, ஒரே தலைமுறையில் பெரிதும் நீங்கிவிடுகிறது.